கௌரவப் பதவியில் அமர்ந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

புனே நகரத்தில் விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கலைகளையும் போஷித்து வரும் தர்ம ஸ்தாபனங்களின் நிர்வாகக் குழுக்களில் ஊதியமின்றிப் பணியாற்றும் தமிழ் அன்பர்களுக்கும், இனிப் பணியாற்ற முன்வருவோருக்கும்:

இந்நகரத்துக்குத் தமிழர் வந்த வரலாறு பெரும்பாலும் உத்தியோகத்தின் வரலாறே. கிர்க்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், ராணுவக் கணக்கு அலுவலகங்களுக்கும், 1950-இல் திறக்கப்பெற்ற தேசிய ரசாயன ஆராய்ச்சிச்சாலைக்கும், 1988-இல் தோன்றிய ஸி-டாக் கணினி நிலையத்துக்கும், பின்னர் ஹிஞ்சேவாடியின் மென்பொருள் நிறுவனங்களுக்குமாக வெவ்வேறு தலைமுறைகளில் ரயிலேறி வந்தவர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஊர் திரும்பும் எண்ணத்தை ஆண்டுக்காண்டு ஒத்திப்போட்டு, கடைசியில் கோத்ரூடிலோ ஔந்திலோ ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களில் கணக்குத் தெரிந்தவர், கைச்சுத்தம் உள்ளவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர் என்று பெயரெடுத்த ஒருவரை, அக்கம்பக்கத்து மராட்டியக் கனவான்கள் இருவர் ஒரு மாலையில் வந்து கண்டு, ‘எங்கள் சங்கத்துக்குத் தாங்கள்தாம் பொக்கிஷதாராக இருக்கவேண்டும்’ என்று கேட்பதும், அவர் இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை இணங்குவதும் இங்கே அபூர்வமல்ல. அவ்வாறு இணங்கியவர்களையும், இணங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களையும் உத்தேசித்தே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நான் விண்ணப்பித்துக்கொள்ள விரும்பும் விஷயம் ஒன்றே. சம்பளம் வாங்காமல் உழைப்பது ஒரு தியாகம். அந்தத் தியாகத்தைக் காட்டி எந்த உரிமையையும் நாம் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஊழியருக்குக் குறைத்துக் கொடுக்கும் உரிமையையோ, கணக்கைச் சுருக்கிச் சொல்லும் உரிமையையோ, நாற்காலியை விடாதிருக்கும் உரிமையையோ அது நமக்குச் சம்பாதித்துத் தருவதில்லை. இதைச் சொல்வது சுலபம். அனுசரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிய இந்த ஊரைப்போல் தகுந்த இடம் வேறில்லை. ஏனெனில், பொதுநலத்துக்காக ஊதியத்தைத் துறப்பது என்ற வழக்கத்தை நவீன இந்தியாவில் ஒரு விரதமாகவே ஸ்தாபித்துக் காட்டிய நகரங்களில் புனே முதன்மையானது.

1884-இல் திலகரும் கோபால் கணேஷ் அகர்கரும் அவர்களுடைய நண்பர்களும் தக்காணக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதில் ஆயுள் உறுப்பினராகச் சேர்கிறவர் சொற்ப ஊதியத்தில் நெடுங்காலம் பணிபுரிய வேண்டும் என்ற நியதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்நியதிக்கு உட்பட்டே கோபால கிருஷ்ண கோகலே மாதம் 75 ரூபாய்க்கு, வேறெங்கேனும் இதைப்போலப் பன்மடங்கு ஈட்டக்கூடிய தம் வாலிபப் பருவம் முழுவதையும் அச்சங்கம் நடத்திய பெர்குஸன் கல்லூரிக்கு ஒப்படைத்தார். ஆனால் அந்த மகான்களும் கோபதாபம் இல்லாதவர்கள் அல்லர். ஆயுள் உறுப்பினர் வெளியிலே சம்பாதிக்கலாமா, வேறு பொதுக் காரியங்களில் தலையிடலாமா என்ற விவாதம் முற்றிப்போய், 1890-இல் திலகர் மிக நீண்டதொரு ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, தாமே வளர்த்த சங்கத்தினின்றும் வெளியேறினார். யார் பக்கம் நியாயம் என்று இப்போது தீர்ப்பளிப்பது நம் வேலை அன்று. இரு சாராரும் சண்டையிட்டது, தாங்களே தங்கள்மீது விதித்துக்கொண்ட விரதத்தைப் பற்றி என்பதும், காரணங்களை எழுத்திலே வைத்துப் பிரிந்தார்கள் என்பதும்தான் நாம் கவனிக்கத்தக்கவை.

அந்த விரதத்தை நாம் எங்கே திரித்துவிட்டோம் என்பதை இனிச் சொல்கிறேன். கோகலே 75 ரூபாய்க்கு உழைத்தது அவர் தாமாகத் தேர்ந்துகொண்ட வறுமை. இன்றைய நிர்வாகக் குழுவினர் பலர் போதிய ஓய்வூதியத்தோடு வந்து அமர்ந்துகொண்டு, ‘நாங்களே ஒரு காசு வாங்காமல் உழைக்கிறோம், நீங்கள் கேட்கலாமா?’ என்று குமாஸ்தாவையும் நூல்நிலையச் சிப்பந்தியையும் பரிசோதனைச்சாலை உதவியாளரையும் வினவும்போது, தங்கள் தியாகத்தின் செலவைப் பிறர் தலையில் கட்டுகிறார்கள். பழஞ்சுவடிகள் உள்ள நூல்நிலையம் ஒன்றில் ஒரு சிப்பந்தி வேலை செய்யும் விதத்தைச் சற்றே நின்று பாருங்கள். வாசகர் கேட்ட சுவடியை அட்டவணை பார்க்காமலே அலமாரியிலிருந்து எடுத்து வந்து, சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து, மரச்சட்டங்களை அப்புறப்படுத்தி, ஏடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வாசகரிடம் கொடுக்கிறார். மாலையில் திரும்பி வரும்போது மறுபடியும் எண்ணி, ஓரம் முறிந்த ஏட்டைத் தனியே குறித்துக்கொண்டு, பழையபடி சுற்றி முடிச்சிடுகிறார். இந்தக் கை நுட்பமும் ஞாபகமும் எந்தக் கலாசாலையிலும் போதிக்கப்படுவதில்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தால் வருவது. அவர் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். அப்படிப்பட்ட ஒருவருக்கு, குழுவினரின் கார் ஓட்டிகள் வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு விழாவில் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். எந்த ஸ்தாபனம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

அடுத்தபடியாகக் கணக்கு. இது நம்மவர்களுக்குக் கைவந்த கலை என்பதால் இதில் நாம் பிறருக்கு வழிகாட்ட வேண்டியவர்கள். 1950-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர (முன்பு பம்பாய்) பொது தர்ம ஸ்தாபனச் சட்டம் இந்த ராஜ்யத்தில் அமலில் இருந்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் கணக்கு தணிக்கை செய்யப்படவேண்டும், விஸ்வஸ்தர்கள் மாறினால் 90 நாட்களுக்குள் தர்ம ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும், அவருடைய அனுமதியின்றி ஸ்தாபனத்தின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்கலாகாது என்றெல்லாம் அச்சட்டம் விதிக்கிறது. விதிகள் எல்லாம் காகிதத்தில் செவ்வனே நிறைவேறுகின்றன. ஆனால் வருடாந்தரப் பொதுக்கூட்டம் என்னும் சடங்கைப் பாருங்கள். ஐந்தரை மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பு; கோரம் இல்லையென்று ஒத்திவைத்து, ஆறு மணிக்கு அதே இடத்தில் அதே பத்துப்பேரை வைத்துக்கொண்டு மறுபடி தொடக்கம்; சென்ற ஆண்டின் நடவடிக்கைக் குறிப்பு ‘படித்ததாக’ ஏற்றுக்கொள்ளப்படுகிறது; கணக்கறிக்கையின் பக்கங்கள் புரளும் சத்தம் அடங்குவதற்குள் ஒருவர் பிரேரேபிக்க மற்றொருவர் ஆமோதிக்க அதுவும் நிறைவேறிவிடுகிறது; பிறகு வடாவும் தேநீரும். அந்த அறிக்கையில் ‘இதர செலவுகள்’ என்ற வரி ஏன் சென்ற ஆண்டைவிட ஏறிற்று என்று எவரேனும் எழுந்து கேட்டால், அவரை எல்லாரும் ஒரு கலகக்காரரைப்போலப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்கும் அந்த ஒருவரே ஸ்தாபனத்தின் மெய்யான சிநேகிதர் என்பதைப் பொக்கிஷதாராவது உணர்ந்து, அவருக்கு நன்றி சொல்லிப் பதிலளிக்கவேண்டாமா?

பணத்தைப் பற்றிய பேச்சில் மற்றொன்றும் சேரும். ஓரளவுக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடவேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தபின், தர்ம ஸ்தாபனங்களின் வாயிலில் புதியதொரு செல்வம் வந்து நிற்கிறது. அதை வேண்டாம் என்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பணத்துக்கு ஓராண்டில் முடிகிற காரியங்களின்மீதும், பெயர்ப்பலகை மாட்டக்கூடிய கட்டடங்களின்மீதும் ஒரு தனிப் பிரேமை உண்டு. விஞ்ஞானமும் கலையுமோ, நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ மதித்து நடப்பவை அல்ல.

அதற்கு இந்நகரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சர் ராமகிருஷ்ண கோபால பண்டார்க்கரின் எண்பதாவது பிறந்த நாளாகிய 1917 ஜூலை 6 அன்று தொடங்கப்பெற்ற பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம், 1919-இல் மகாபாரதத்தின் ஆராய்ச்சிப் பதிப்பை ஆரம்பித்தது. ஔந்து சமஸ்தானாதிபதியும் தாமே ஒரு சித்திரக்காரருமான பவான்ராவ் பந்த் பிரதிநிதி அதற்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக வாக்களித்தார். காஷ்மீரத்துச் சாரதா எழுத்திலிருந்து நம் நாட்டுக் கிரந்த எழுத்துவரை பல லிபிகளில் எழுதப்பட்ட 1,259 பிரதிகளை ஒப்பு நோக்கவேண்டியிருந்தது. தென்னாட்டுப் பிரதிகளை ஒப்பிடும் வேலைக்குத் தஞ்சை சரஸ்வதி மஹாலில் ஒரு கிளையே அமைந்தது. மராட்டிய அரசர்கள் தஞ்சையில் போற்றி வளர்த்த நூல்நிலையம், மராட்டிய நாட்டின் இப்பெருங்காரியத்துக்கு இவ்விதம் கைம்மாறு செய்தது நமக்கு உவகை தரவேண்டிய செய்தி. 1925-இல் பிரதான ஆசிரியரான விஷ்ணு சீதாராம் சுக்தாங்கர், காரியம் பாதிகூட முடியாமல் 1943-இல் காலமானார், பெல்வல்கர் தொடர்ந்தார், அவருக்குப்பின் வைத்யா தொடர்ந்தார், 19 தொகுதிகளில் அது பூர்த்தியானது 1966-இல். நாற்பத்தேழு ஆண்டுகள்! அந்த இடைக்காலத்தில் ஓர் உலக மகாயுத்தம் நடந்தது, அரசாங்கம் மாறியது, சமஸ்தானங்கள் மறைந்தன. ஆசிரியர்களின் பெயர்கள் நூலின் முகப்பில் உள்ளன. ஆனால், ‘இந்த ஆண்டும் முடியவில்லையா?’ என்று கேட்ட நன்கொடையாளருக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதி, அடுத்த ஆண்டுக்கான காகிதத்துக்கும் சம்பளத்துக்கும் வழி தேடிய நிர்வாக சபையினரை இப்போது எத்தனைபேர் அறிவார்கள்? அவர்களுடைய வேலைதான் உங்களுடைய வேலை.

பலன் உங்கள் கண்ணில் படாமலே போய்விடலாம் என்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கி, வீடுவீடாக நன்கொடை கேட்டு அதை நடத்தி, ஆராய்ச்சி செய்ய ஆள் வராத மனக்கசப்போடு 1904-இல் கண் மூடினார். மூன்று ஆண்டுகள் கழித்து, நிதி இலாகாவில் உதவிக் கணக்குத் தணிக்கை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், அந்தச் சங்கத்தின் கதவைத் தட்டினார். ஆபீசுக்கு முன்பும் பின்பும் அங்கே உழைத்த சந்திரசேகர வெங்கட ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று உலகறிந்த தம் கண்டுபிடிப்பை அங்கேயே நிகழ்த்தினார். வெகுநாள் காலியாகக் கிடந்த பரிசோதனைச்சாலையைச் சர்க்காருக்குப்பின் வந்த நிர்வாகிகள் வாடகைக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அதே கல்கத்தாவில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சங்கர் புருஷோத்தம அகார்கர், 1946-இல் புனேக்கு வந்து, கல்கத்தாச் சங்கத்தின் சாயல் தெரியும் பெயரோடு மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை ஸ்தாபித்தார். 1960-இல் காலமாகும்வரை அதன் கௌரவ இயக்குநராக இருந்தார். அவருடைய பெயரையே 1992 முதல் தாங்கிவரும் அச்சங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த சோயா, கோதுமை ரகங்கள் இன்று குடியானவர்களின் வயல்களில் விளைகின்றன.

விஞ்ஞானத்துக்கு எவ்வளவு, கலைக்கு எவ்வளவு என்று குழுக்கூட்டங்களில் எழும் பங்கீட்டுத் தகராறைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரின் பெரியோர்களே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். மகாபாரதத்தைப் பதிப்பித்த சுக்தாங்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பெர்குஸன் கல்லூரியில் கணிதம் போதித்த தாமோதர தர்மானந்த கோசாம்பி, பழைய வெள்ளி நாணயங்களை நுட்பமான தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, அவை கைமாறிக் கைமாறித் தேய்ந்த அளவைக் கொண்டு சரித்திரம் எழுதினார். பர்த்ருஹரியின் சுலோகங்களையும் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். மராட்டிய மக்களை வாழ்நாளெல்லாம் சிரிக்கவைத்த பு. ல. தேஷ்பாண்டே, தம் நாடகங்களாலும் புத்தகங்களாலும் வந்த பொருளை ஓர் அறக்கட்டளையாக்கித் தம் மனைவி சுனீதாபாயுடன் தானம் செய்துவந்தார். அவ்வறக்கட்டளையின் நிதியுதவியால், புனே பல்கலைக்கழக வளாகத்தில் ஜயந்த நார்லிகர் தோற்றுவித்த வானியல் நிலையத்தில் குழந்தைகளுக்கான விஞ்ஞானக் கூடம் ஒன்று எழுந்தது. ஒரு ஹாஸ்ய ஆசிரியரின் பணம் விஞ்ஞானத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் சுனீதாபாய்க்கோ நார்லிகருக்கோ யாதொரு முரண்பாடும் தோன்றவில்லை.

அந்தக் கூடத்தில் 2003 முதல் பதினோர் ஆண்டுகள் அரவிந்த குப்தா என்பவர் குழந்தைகளுக்குக் கற்பித்த முறையைச் சிறிது விஸ்தரிக்க அனுமதியுங்கள். சைக்கிள் வால்வ் ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகி இணைக்கிறார்கள். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து விரலால் அழுத்தினால் அது சாய்ந்து படுத்துவிடுகிறது. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாமல் நிற்கிறது. ரயில்வே பாலங்களின் இரும்புச் சட்டங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது அந்தக் குழந்தைக்கு அன்றே விளங்கிவிடுகிறது. இதற்கான மூலப்பொருள் செலவு சில்லறைக் காசு. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். தீக்குச்சிக்கு மானியம் கேட்டால் எந்தக் கம்பெனியும் உடனே கொடுக்கும், ஆசிரியரின் சம்பளத்துக்குக் கேட்டால் தயங்கும். அந்தத் தயக்கத்தோடு வாதாடி ஜயிப்பதற்காகவே உங்களைப் போன்ற அனுபவஸ்தர்களைக் குழுவில் அமர்த்தியிருக்கிறார்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான விஷயம்: எழுந்து போவது. 1944-இல் தொடங்கிய ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா என்னும் வானியல் ரசிகர் சங்கம் இந்நகரில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. 1953-இல் பாடகர் பீம்ஸேன் ஜோஷி தம் குருநாதரின் நினைவாகத் தொடங்கிய ஸவாய் கந்தர்வ சங்கீத விழா அவர் மறைந்தபின்பும் நடக்கிறது. ஒருவரையே நம்பியிராமல் அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துப் பழகிய ஸ்தாபனங்களுக்கே இந்த ஆயுள் கிட்டும். நம்மில் பலரோ, ‘எனக்கென்ன ஆசையா? நான் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லையே’ என்று சொல்லிக்கொண்டே பதினைந்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்துவிடுகிறோம். ஆளில்லை என்பது மெய்யானால், ஆளைத் தயார் செய்யாத குறை யாருடையது? பெருமரத்தடியில் கன்று முளைக்காது என்பது வாழைக்குப் பொருந்தாததுபோல் ஸ்தாபனங்களுக்கும் பொருந்தாது; தாய் வாழை சாயும் முன்பே பக்கக் கன்று தலையெடுத்திருக்க வேண்டும்.

ஆகவே, வரும் பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், ஸ்தாபனத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஊழியருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்ற ஒரு வரி, அவர் பெயரைச் சொல்லாமல், தலைவரின் உரைக்கும் முன்பாக அச்சிடப்பட வேண்டும். இரண்டாவது, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைகளுக்குமேல் எவரும் இருத்தல் கூடாது. விலகுகிறவர் தாம் தொடங்கி முடிக்காத காரியங்களையும், செய்து தோற்ற காரியங்களையும் எழுதிவைத்துப் போகவேண்டும். மூன்றாவது, குழுவில் இரண்டு இடங்களாவது முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதுவும் ஆராய்ச்சியிலோ கலையிலோ அன்றாடம் கையை நனைப்பவர்களுக்கு ஒதுக்கப்படவேண்டும். அவர்கள் வேலைக்குப் போகிறவர்களாதலால் குழுக்கூட்டங்களைப் பகல் பதினொரு மணிக்கு வைக்கும் நம் ஓய்வூதியக்காரர் வழக்கத்தையும் அப்போது மாற்றவேண்டியிருக்கும்.

இவை நிறைவேறாமல் போகலாம். உங்கள் குழுவினரே இவற்றுக்கு எதிராக வாக்களிக்கலாம். அப்படி நேர்ந்தால், தீர்மானத்தின் வாசகத்தையும், அது ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற காரணத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் வரிபிசகாமல் பதிந்துவையுங்கள். உங்களுக்குப்பின் பொக்கிஷதாராக வருகிறவர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் கொண்டுவரட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்,
புனேவாசியான ஒரு தமிழன்